பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்தவள்

வலது தோள்பட்டையில் பிடிக்கிற வலி, சனிக்கிழமை ஆனால் கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து இழுத்துப் போடுகிறவளுக்கு வேறு எங்கே வலிக்கும்? காய்ந்த விரிப்பு கைக்குழந்தை கனம். நனைந்தவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வந்தால், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற புருஷன் கனம். அக்காவுக்குப் புருஷன் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் சொன்ன எடை அது.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, முன்னறைக் கட்டிலில் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறான். மடிப்புக் கலையாத சட்டை, கழற்றாத ஷூ. எதிரே அம்மா சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

தம்பி எழுத்தாளன். அவன் எழுதிய 'விண்மீன் விழுந்த அறை' போன வருடம் வெளிவந்தது. சின்ன ஊரில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல். பின்னட்டையில் 'ஒவ்வொரு வரியும் உண்மை' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினான். அக்கா அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்துக் காட்டினாள். அங்கே கிடைத்த அபிப்பிராயங்கள் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லாம் எப்போதுதான் வேலைக்குப் போவார்கள், முப்பது பக்கமாக ஜன்னல் ஓரத்திலேயே நிற்கிறார்களே என்று துணி மடிக்கிறவள் கேட்டாள். பசியை இவ்வளவு விலாவாரியாக எழுதினவன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கொதிகலன்காரர் சொன்னார். நாவலில் வருகிற அக்கா ஊமை. அதைப் படித்த அன்று சலவைக்கூடமே சிரித்ததில் ஒரு இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அம்மா சாகிறாள். புயலில் பின்னறைக் கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. அந்த ஓட்டை வழியாக ஒரு விண்மீனைப் பார்த்தபடியே அவள் உயிர் போகிறது. எழுத்துக்கூட்டவும் தெரியாத அம்மாவுக்கு வீட்டில் படித்துக் காட்டும்போது, அக்கா அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் பதிமூன்றுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் கதையில் தன்னைக் காணோமே என்று அம்மா கேட்டதற்கு, நீ வெளியூர் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருந்தாள்.

புயலும் கிடையாது, விண்மீனும் கிடையாது. பின்னறைக் கூரையிலிருந்த நாலு தகரத்தைப் பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், அம்மாவும் அக்காவும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தம்பிதான் கழற்றினான். பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் பெரிய ஊருக்குப் பஸ் ஏறினான். ஒரு மாதத்தில் நாலையும் திருப்பிப் போட்டுவிடுவதாகக் கட்டிலில் சீட்டு எழுதி வைத்திருந்தான். அவன் எழுதியதிலேயே சுருக்கமானது அதுதான். அன்றிலிருந்து அந்த இடத்தில் தார்ப்பாய். வருடத்துக்கு ஒன்று கிழியும். அம்மா படுப்பது அந்த அறையில்தான். முன்னறையில் எங்கே படுத்தாலும் அடுப்புப் புகையில் இருமல் இரட்டிக்கும். நெஞ்சில் கட்டிய சளிக்கு மருந்து கொடுத்த டாக்டர், இன்னொரு மழைக்காலம் அந்த ஈரத்தில் படுத்தால் தன்னிடம் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

தம்பி வந்த விஷயமும் கூரைதான். பெரிய ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறதாம். நாவலை ஆளுக்கு நாலு தடவை படித்தவர்கள். நாவலில் வருகிற வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிதி திரட்டியிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பார்த்துவிட்டு இங்கேயே முடிவு செய்வார்கள். கூரை போட்டுவிடலாம் என்று தலைவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாராம்.

அக்காவுக்கு வலி ஒரு நிமிஷம் மறந்தது. பிறகு தம்பி தொண்டையைச் செருமினான். அவன் தொண்டையைச் செருமினால் யாருக்காவது செலவு வரும்.

"மூணே மூணு விஷயம்க்கா. தார்ப்பாயை எடுத்துடணும், ஓட்டை தெரியணும். அப்புறம் நீ பேசக் கூடாது. நாவல்ல உனக்குப் பேச்சு வராது."

"மூணாவது?"

அவன் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். "அம்மா நாளைக்கு ஒருநாள் பக்கத்து வீட்ல இருக்கட்டும்."

ஏன் என்று அம்மா கேட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அக்காவே பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சொன்னாள். அம்மா இருமி முடித்தாள்.

"எதுல செத்தேன்?"

"நெஞ்சுச் சளிலதாம்மா," என்றான் தம்பி.

"அதையாவது உள்ளபடி எழுதியிருக்க. எத்தனை பேர் அழுதாங்க?"

"படிச்சவங்க எல்லாருமே அழுதாங்கம்மா. இன்னும் கடிதம் வருது."

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் அம்மா. பிறகு காலை நீட்டிக்கொண்டாள். "கூரை வரும்னா ஒருநாள் செத்துட்டுப் போறேன். போ."

மறுநாள் காலையில் அக்கா ஏணி போட்டு ஏறித் தார்ப்பாயை உருவினாள். வலிக்கிற கையால் முடியாமல் இடது கையால் இழுத்தாள். தம்பி கீழே நின்று, இன்னும் கொஞ்சம், அந்த ஓரமும் தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான், ஏணியைப் பிடிக்கவில்லை. அம்மா தன் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தையல்காரி வீட்டுக்குப் போனாள்.

வேனிலிருந்து பதினான்கு பேர் இறங்கினார்கள். எல்லார் கையிலும் நாவல். பக்கத்துக்குப் பக்கம் கலர் சீட்டு ஒட்டியிருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவருக்குப் பின்னால் ஒரு பல் டாக்டரம்மா, ஒரு கல்லூரி விரிவுரையாளர். மற்றவர்கள் இந்த மூன்று பேர் தலையாட்டுகிற பக்கம் தலையாட்டினார்கள்.

வாசலிலேயே அபிப்பிராயம் ஆரம்பித்துவிட்டது. நாவலில் இருந்ததைவிட வீடு சின்னதாக இருப்பதாக ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிய வேண்டும். தெரிந்தது பொதுக்கழிப்பிடத்தின் பின்சுவர். பல் டாக்டரம்மா புத்தகத்தைப் புரட்டி, ஐம்பத்தேழாம் பக்கத்தில் ஆறு இருக்கிறதே என்று ஜன்னலிடமே கேட்டாள். ஆறு திசை மாறிவிட்டது என்று தம்பி சொன்னான். அடுப்பு மேடையில் ஒரு மேசை விசிறி இருந்தது. இந்தக் குடும்பத்தில் விசிறி எப்படி வரும் என்று தலைவர் வருத்தத்தோடு கேட்டார். அக்கா எட்டு மாதம் சீட்டுக் கட்டி வாங்கிய விசிறி. யாரோ தானமாகக் கொடுத்தது என்று தம்பி சொன்னதும்தான் அவருக்கு மனசு ஆறியது.

அக்கா அடுப்போரமாக நின்றாள். அவளைச் சுற்றி நின்று அவளைப் பற்றியே பேசினார்கள். காது கேட்கும் என்று நாவலில் தெளிவாக எழுதியிருந்தும் ஒருவருக்கும் அது நினைவில்லை. அவள் கண்ணில் இருக்கும் சோகம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று ஒரு அம்மாள் சொன்னாள். கை மட்டும் நாவலில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது, உழைத்த கை என்று இன்னொருவர் போட்டோ எடுத்தார். ப்ளீச்சிங் பவுடரில் வெந்த கை அது. பல் டாக்டரம்மாவுக்கு உண்மையாகவே இளகிய மனசு. அக்காவின் தாடையைப் பிடித்து, ஆ காட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கில் ஒரு குறையும் இல்லை, அதிர்ச்சியில்தான் பேச்சு நின்றிருக்க வேண்டும், கடைவாய்ப் பல் மட்டும் இரண்டு சொத்தை என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். கூரை, கூரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பேறுகாலப் பிரிவின் விரிப்பு மூட்டைகள் வரும் நாளிலும் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

விரிவுரையாளர் கட்டிலில் உட்கார்ந்து அம்மா பாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரே ஒரு விமர்சனம்தான். அம்மா இன்னும் இரண்டு அத்தியாயம் முன்னாலேயே செத்திருக்கலாம். நாவல் கொஞ்சம் இறுகியிருக்கும். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டுதான் சரியான இடம் என்றார். பத்தா பன்னிரண்டா என்று சத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, கையில் தண்ணீர்ச் செம்போடு அம்மா உள்ளே வந்தாள்.

தம்பியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது. பக்கத்து வீட்டம்மா, என்றான் அவசரமாக.

"ஆமா, பக்கத்து வீடுதான்," என்றாள் அம்மா. "சத்தம் கேட்டுச்சு. தொண்டை காயுமேன்னு தண்ணி கொண்டு வந்தேன்."

வட்டத்துக்குக் கொள்ளை மகிழ்ச்சி. செத்துப்போன அம்மாவை நேரில் பார்த்த ஒரு ஜீவன். கட்டிலில் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். நாலைந்து செல்போன் நீண்டது. அந்த அம்மா எப்படிப்பட்டவள் என்று விரிவுரையாளர் கேட்டார்.

"நல்லா உழைப்பா. வாய் கொஞ்சம் நீளம்."

நாவலில் அவள் அதிர்ந்து பேசாதவள் என்று பல் டாக்டரம்மா திருத்தினாள்.

"அப்படியா? எனக்குத் தெரிஞ்சு அவ அதிர்ந்து பேசாத நாளே கிடையாது. மகன் ஒருத்தன் இருந்தான், அவன்கிட்டதான் கொஞ்சம் அடக்கி வாசிப்பா. அதுதான் தப்பாப் போச்சு."

கடைசி நேரத்தில் அந்த விண்மீனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளா என்று தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இருமுகிறவளுக்குக் கண்ணைத் திறக்க எங்கே நேரம் என்று அம்மா சொன்னாள். சொல்லும்போதே இருமல் வந்து இரண்டு நிமிஷம் குலுங்கினாள். செல்போன்களைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். விரிவுரையாளர் மட்டும், அக்கம்பக்கத்தாரின் பொறாமை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள்.

பிறகு பின்னறை. பதினான்கு பேர் நிற்க இடமில்லாமல் ஏழேழாகப் போய்ப் பார்த்தார்கள். ஓட்டை வழியாக வெயில் கட்டம்போல் தரையில் விழுந்திருந்தது. அந்தக் கட்டத்துக்குள்தான் அம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. தம்பி பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தான். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. பல் டாக்டரம்மா தேம்பினாள். நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சாவு நல்லாத்தான் இருக்கு என்று அக்காவின் காதில் சொன்னாள்.

தலைவர் நிதிப் பேச்சை எடுத்தார். திரட்டிய பணத்தில் இந்த வீட்டுக்குக் கூரை போடுவது நம் கடமை என்றார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்போது விரிவுரையாளர் கையை உயர்த்தினார்.

"கூரை போட்டா ஓட்டை போயிடும் சார்."

அவர் சொன்னதில் இருந்த பயங்கரம் மெல்ல மெல்ல ஒவ்வொரு முகமாக ஏறியது. இது வெறும் ஓட்டை இல்லை, நாவலின் இதயமே இதுதான், நாளைக்கு வருகிற வாசகன் தகரத்தையா அண்ணாந்து பார்ப்பான் என்று அவர் கேட்டார். பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதுகாக்க வேண்டும் என்றாள். ஓட்டுக்கு விட்டார்கள். ஓட்டை அப்படியே இருக்கட்டும், நிதியில் ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்று பதினொரு கை. மேலே கண்ணாடி போட்டால் விண்மீனும் தெரியும், மழையும் விழாது என்று மூன்று கை. அந்த மூன்றோடு அக்காவும் கையைத் தூக்கினாள், வலிக்கிற கையையே. தலைவர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு எண்ணாமல் விட்டார்.

கை மேலேயே இருந்தது. இறக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கண்ணாடியாவது போடுங்க," என்றாள் அக்கா.

பதினான்கு தலை திரும்பியது. பல் டாக்டரம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்ல நாலு தகரம். நாலே தகரம் போதும். நானே ஏறி அடிச்சுக்குவேன். எங்கம்மா இங்கதான் படுக்குது. இந்த மழையத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அம்மாவா?" என்றார் தலைவர். "அம்மா பன்னிரண்டாம் அத்தியாயத்துலயே…"

"அது நான்தான்," என்றாள் நிலைப்படியிலிருந்து அம்மா. "நேத்துதான் சொன்னாங்க. புயலு கியலு ஒண்ணும் கிடையாது. தகரத்தைக் கழட்டி வித்துட்டுப் போனவன் இதோ நிக்கிறான். கேட்டுக்குங்க."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் என்று சொல்ல மூச்சுக்கூட வாங்க வேண்டாம். அவன் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். அன்றைக்கு அந்த வீட்டில் ஊமையாக நின்றது அவன் ஒருவன்தான்.

விரிவுரையாளர்தான் அவனைக் கரையேற்றினார். இதைத்தான் பார்க்க வந்தோம் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். ஒரு படைப்பு மக்களுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தால், ஒரு பக்கத்து வீட்டுப் பாமரப் பெண் தன்னையே அந்த அம்மாவாக நினைத்துக்கொள்வாள்? அதிர்ச்சியில் போன பேச்சு, வாசித்ததைக் கேட்ட அதிர்ச்சியில் திரும்பி வந்திருக்கிறதே, இதற்கு மேல் ஒரு எழுத்தாளனுக்கு என்ன விருது வேண்டும்? யாரோ கைதட்டினார்கள். தம்பி தலைகுனிந்து நின்றான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேன் கிளம்பும்போது அவனும் ஏறிக்கொண்டான். படிக்கட்டில் நின்று, அடுத்த பதிப்பில் முன்னுரையில் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதாக அக்காவிடம் முணுமுணுத்தான்.

"முன்னுரை மழைக்குத் தாங்குமாடா?" என்று அம்மா கேட்டாள். வேன் போய்விட்டது.

வட்டத்தார் கட்டிலில் ஒரு நோட்டை விட்டுப் போயிருந்தார்கள். வாசகர் அபிப்பிராயம் என்று அட்டையில் எழுதியிருந்தது. இனி வருகிறவர்களும் எழுத வேண்டுமாம். சாயங்காலம் தோளில் சுடுதுணி வைத்துக்கொண்டே அக்கா அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை.

'வீடு ஏமாற்றம். நாவலின் ஈரம் இங்கே இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சாய்ந்து எழுதிய கழிப்பிடப் பக்கத்துச் சுவரைத் தொட்டாலே விரல் நனையும். 'அக்கா பேசியிருக்கக் கூடாது. மௌனத்தில் இருந்த கம்பீரம் போய்விட்டது. பல்லைக் கவனிக்கவும்.' 'வறுமை இன்னும் சுத்தமாக இருந்திருக்கலாம்.' 'பக்கத்து வீட்டுப் பெண்மணி வெகு இயல்பு. அவரைப் பற்றியும் ஆசிரியர் எழுத வேண்டும்.' கடைசியை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"அதுலயும் சாகடிப்பான்," என்றாள்.

மூன்று வாரத்தில் கல்வெட்டு வந்தது. இரண்டு ஆள் சுமந்துவந்து இறக்கினார்கள். பதிக்க ஆள் அனுப்பவில்லை; அதற்கு நிதியில் இடமில்லையாம். கறுப்புக் கல், பொன் எழுத்து: 'இந்த வானத்தின் கீழ்தான் அவள் கண் மூடினாள்.' அம்மா அதன்மேல் தன் செம்பை வைத்துத் தண்ணீர் குடித்தாள். முதல் காற்று அடித்து, மேலே கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்துக் கிழிய ஆரம்பித்ததும், அக்காவும் கொதிகலன்காரரும் கல்லைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, சட்டத்தின்மேல் தார்ப்பாயை அழுத்த வைத்தார்கள். எழுத்து வானத்தைப் பார்த்திருந்தது. நல்ல கனம். தார்ப்பாய் அந்தப் பக்கம் பறக்கவில்லை. இன்னொரு பக்கம் பறந்தது.

மழை வந்தது. அம்மாவின் பாயை முன்னறைக்கு இழுத்து அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்டார்கள். பின்னறையில் இரண்டு வாளி. இருமலுக்கு நடுவே அம்மா அந்த நோட்டை எடுத்து வரச் சொன்னாள்.

"எல்லாரும் எழுதிட்டாங்க. நான் அந்தக் கதையில இருந்தவ, நான் எழுதலையே."

எழுத்துத் தெரியாதவள் சொன்னாள். அக்கா கையை உதறிவிட்டு எழுதினாள். என்ன போட வேண்டும், நல்லா இருக்கா இல்லையா என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள். தேதி போட்டார்கள். அதற்குக் கீழே அம்மா சொன்னபடியே அக்கா எழுதினாள்:

'இந்த நாவலை எழுதினவன் இந்த வீட்டுக்குத் தர வேண்டியது, பத்தடித் தகரம் நாலு. இன்னும் தரவில்லை.'